‘லினக்ஸ்ல வைரஸே வராது’ என்பது உண்மையா? இந்தியாவின் ‘பாஸ்’ லினக்ஸையே குறிவைத்த உளவு மென்பொருள்... தப்பிப்பது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டம் பெரணமல்லூரில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் தறி. பக்கத்து அலமாரியில், அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டதால் அது இப்போது தம்பி கையில். அவனுடைய காலேஜ் ப்ராஜெக்ட், அப்பா ஆரணி முதலாளிக்கு அனுப்பும் கூலிக் கணக்கு, புது பார்டர், புட்டா டிசைன் படங்கள், அம்மாவின் மகளிர் குழு வரவு செலவு, பேங்க் லாகின் என்று மொத்த வீடும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கிறது.

விண்டோஸ் மெதுவாகிப்போனதால் தம்பி அதில் லினக்ஸ் போட்டுவிட்டான். “ஆன்டி வைரஸ் போடலையாடா?” என்று கேட்டால், “லினக்ஸ்ல வைரஸே வராதுண்ணா” என்கிறான்.

இந்த நம்பிக்கை அவனுக்கு மட்டும் இல்லை, நம்மில் பலருக்கும் இருக்கிறது. ஆனால் 2025-ல் வெளியான ஆய்வு அறிக்கைகள் வேறு கதை சொல்கின்றன. நம் நாட்டிலேயே, அதுவும் சென்னையில் உருவான ‘பாஸ்’ லினக்ஸையே குறிவைத்து உளவு மென்பொருள் அனுப்பப்பட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது? சாதாரண மக்களுக்கும் ஆபத்தா? என்ன செய்தால் தப்பிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம ஊர் லேப்டாப்பில் லினக்ஸ் எப்படி வந்தது?

தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி வழங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலானவர்கள் விண்டோஸைத் தொட்டுவிட்டுப் போயிருப்போம்.

‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் ‘பாஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதன் சென்னை மையத்தில் உருவாக்கியது. உலகம் முழுக்கப் பயன்படும் டெபியன் லினக்ஸ்தான் இதற்கு அடிப்படை. மத்திய அரசு அலுவலகங்களிலும் பாதுகாப்புத் துறையிலும் இது பயன்பாட்டில் உள்ளது.

இப்போது லினக்ஸ் பக்கம் பலர் திரும்பக் காரணம் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். பழைய லேப்டாப்களில் அது இல்லை. தூக்கிப்போடவும் மனசு வராது. புதுசு வாங்கவும் காசு இல்லை. மிச்சமிருக்கும் நல்ல வழி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான்.

கூடவே, அடுத்த 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என 2025-26 தமிழக பட்ஜெட்டிலும் அறிவிக்கப்பட்டது. ஆக, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. அதைப் பாதுகாக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

‘வைரஸ் வராது’ என்று ஏன் சொல்கிறார்கள்?

அப்படிச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லினக்ஸில் சாதாரணப் பயனர் வேறு, ‘ரூட்’ எனப்படும் நிர்வாகி வேறு. சிஸ்டத்தின் முக்கியப் பகுதிகளில் கை வைக்க வேண்டும் என்றால் பாஸ்வேர்டு கொடுத்தே ஆக வேண்டும். மென்பொருள்களையும் கண்ட வெப்சைட்டில் தேடி டவுன்லோடு செய்வதில்லை. லினக்ஸ் வழங்குபவர்களே பராமரிக்கும் களஞ்சியத்திலிருந்து வருகிறது. மேலும், வீடுகளில் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதால் வைரஸ் எழுதுபவர்களும் விண்டோஸ் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மீதிப் பாதிதான் சிக்கல். பூட்டு சிஸ்டத்துக்குத்தானே தவிர, உங்கள் பொருளுக்கு இல்லை! உங்கள் போட்டோ, கணக்கு ஃபைல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாமே உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கின்றன. நீங்கள் திறக்கும் எந்த புரோகிராமும் ரூட் பாஸ்வேர்டு கேட்காமலே அவற்றைப் படிக்க முடியும். பீரோவை நன்றாகப் பூட்டிவிட்டு, பட்டுப்புடவையை வாசல் கொடியில் காயப்போட்ட மாதிரிதான்.

உளவு மென்பொருளுக்கு பீரோ தேவையே இல்லை, கொடியில் இருப்பது போதும். இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் ‘பாஸ்’ லினக்ஸைக் குறிவைத்தார்கள்.

2025-ல் என்ன நடந்தது?

‘ஏபிடி 36’ அல்லது ‘டிரான்ஸ்பரன்ட் டிரைப்’ என்று அழைக்கப்படும் ஒரு ஹேக்கர் குழு இருக்கிறது. இது பாகிஸ்தானைச் சார்ந்தது என்று சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள் கருதுகின்றன. இந்திய அரசு, ராணுவம் தொடர்பான அலுவலகங்கள்தான் இதன் வழக்கமான குறி. இந்தக் குழு ‘பாஸ்’ லினக்ஸ் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய விதத்தை, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சைஃபர்மா நிறுவனம் 2025-ல் அடுத்தடுத்து வெளியிட்ட அறிக்கைகளில் விவரித்தது.

அது இப்படித்தான் நடக்கிறது:

அலுவலகத்துக்கு ஒரு மெயில் வருகிறது. ‘மீட்டிங் நோட்டீஸ்’ என்ற பெயரில் ஒரு ஜிப் ஃபைல். பிரித்தால் உள்ளே பிடிஎஃப் மாதிரி ஒன்று. பெயரில் ‘டாட் பிடிஎஃப்’ இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு ஒட்டும் இருக்கிறது: ‘டாட் டெஸ்க்டாப்’. அதாவது அது ஆவணம் இல்லை. லினக்ஸில் ஒரு புரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஷார்ட்கட்.

அதை டபுள் கிளிக் செய்தால், திரையில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்து கூகுள் டிரைவில் உள்ள ஒரு பிடிஎஃப்பைக் காட்டும். ‘சரி, மீட்டிங் லெட்டர் வந்துவிட்டது’ என்று அதிகாரி படித்துக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் பின்னால், எந்த விண்டோவும் திறக்காமல், தாக்குபவர்களின் சர்வரிலிருந்து ஒரு புரோகிராம் இறங்கி, தானாக இயங்கத் தொடங்கியிருக்கும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அது மறுபடி எழுந்துவிடும்படி ‘ஆட்டோஸ்டார்ட்’ ஏற்பாடும் உண்டு.

இதற்கு முன் வந்த இன்னொரு தாக்குதலில் ஜிப் ஃபைலின் பெயர் என்ன தெரியுமா? ‘சைபர் செக்யூரிட்டி அட்வைசரி’! பாதுகாப்பு அறிவுரை என்ற பெயரிலேயே உளவு மென்பொருள். அதிலும் ஒரு பவர்பாயின்ட் கண்முன் திறந்து கவனத்தைத் திருப்ப, பின்னால் இறங்கிய புரோகிராம் திரையைப் படம் பிடித்து அனுப்பும் திறன் கொண்டது.

இது புதிய பழக்கமும் இல்லை. அரசு மெயிலுக்குள் நுழைய ஊழியர்கள் பயன்படுத்திய ‘கவச்’ செயலியின் போலியை இதே குழு லினக்ஸுக்காகத் தயாரித்திருந்ததை அப்டிக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. உண்மையான லாகின் பக்கத்தையே காட்டிவிட்டு, ‘போசைடன்’ என்ற உளவு மென்பொருளை அது பின்னால் இறக்கியது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யக்கூடியது அது. இறக்கிய ஃபைலுக்கு ‘பாஸ்ஹெல்ப்’ என்று பெயர். உதவி செய்ய வந்த ஃபைல் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

இத்தனை தாக்குதல்களிலும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். லினக்ஸின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. உள்ளே இருந்தவரே கதவைத் திறந்துவிட்டார்.

‘நம்மள யாரு உளவு பார்க்கப் போறாங்க?’

நியாயமான கேள்வி. ராணுவ ரகசியம் பெரணமல்லூர் வீட்டு லேப்டாப்பில் இல்லைதான். ஆனால் எல்லா உளவு மென்பொருளும் ரகசியம் தேடி வருவதில்லை. பாஸ்வேர்டு தேடி வருபவையும் உண்டு.

‘ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர்’ என்ற பிரபலமான மென்பொருளின் கதையைப் பாருங்கள். 2020 முதல் 2022 வரை, அதன் வெப்சைட்டுக்குப் போன லினக்ஸ் பயனர்களில் சிலர் மட்டும் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டனர். அங்கே கிடைத்தது, டெபியன் வகை லினக்ஸுக்கான விஷம் கலந்த பேக்கேஜ். பிரவுசிங் ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டுகள், கிரிப்டோ வாலட் ஃபைல்கள் எல்லாவற்றையும் அது திருடியது. காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதை வெளியிட்டது 2023 செப்டம்பரில்.

நடுவில் போன வருடங்களில் பாதிக்கப்பட்டவர்கள் சிலர், ‘கம்ப்யூட்டர்ல ஏதோ எரர் வருது’ என்று இணையத்தில் கேட்டும் இருக்கிறார்கள். வைரஸாக இருக்கும் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘லினக்ஸ்ல வைரஸ் வராது’ என்ற நம்பிக்கைதான் அந்தத் திருடனுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

நம் நெசவாளர் வீட்டில் இது நடந்தால்? மெயில் பாஸ்வேர்டு போனால் பேங்க் வரை போகும். வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் மோசடிக்காரர் கைக்குப் போகும். தீபாவளிக்கு என்று மெனக்கெட்டுப் போட்டுவைத்த டிசைன், புடவை தறியில் ஏறும் முன்பே வேறெங்கோ போய்விடும். ராணுவ ரகசியம் இல்லைதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதுதானே பிழைப்பு!

நம்பிக்கையான இடத்திலும் கலப்படம் நடக்குமா?

நடந்திருக்கிறது. 3 சம்பவங்களை மட்டும் பார்ப்போம்.

2016 பிப்ரவரி 20: புதியவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் லினக்ஸ் மின்ட்டின் வெப்சைட்டே ஹேக் செய்யப்பட்டது. அன்று டவுன்லோடு செய்தவர்கள் சிலருக்குப் பின்கதவு வைத்த போலி மின்ட் கிடைத்தது. அந்தக் குழுவினர் உடனே கண்டுபிடித்து வெளிப்படையாக அறிவித்தனர்.

2024 மார்ச்: லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற ஃபைல் சுருக்கும் கருவிக்குள் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் 2 ஆண்டுகளுக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்துப் பிறகு இதைச் செய்திருந்தார். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்துத் தோண்டியதில் குட்டு உடைந்தது. சோதனைப் பதிப்புகளில்தான் அது நுழைந்திருந்தது; டெபியன், உபுண்டுவின் நிலையான பதிப்புகள் தப்பின.

2025 ஜூலை: ஆர்ச் லினக்ஸில் பயனர்களே மென்பொருள் பதிவேற்றும் ‘ஏயுஆர்’ பகுதியில், பிரவுசர்களைச் சரிசெய்யும் பேக்கேஜ் என்ற பெயரில் 3 போலிகள் வந்தன. உள்ளே இருந்தது, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ‘கேயாஸ்’ என்ற மென்பொருள். 2 நாட்களில் அவை நீக்கப்பட்டன.

இதிலிருந்து லினக்ஸ் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லோரும் நிரலைப் பார்க்கலாம் என்பதால்தான் அரை நொடி தாமதத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. ஆனால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்?

1. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்: வாரம் ஒருமுறை அப்டேட் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிஸ்டம், பிரவுசர் இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன.

2. பழைய பதிப்பில் உட்கார்ந்திருக்காதீர்கள்: லினக்ஸுக்கும் ஆயுள் உண்டு. 2011-ல் வெளியான டெபியன் 6-க்கு நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2016 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. அரசு லேப்டாப்பில் அந்தக் காலத்தில் வந்த பழைய ‘பாஸ்’ அப்படியே இருந்தால், அதில் பேங்க் வேலை செய்யாதீர்கள். முக்கியமான ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொண்டு, இப்போது ஆதரவில் உள்ள பதிப்பைப் புதிதாகப் போடுங்கள்.

3. களஞ்சியத்தை விட்டு வெளியே போகாதீர்கள்: மென்பொருள் வேண்டுமா? முதலில் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். கூகுளில் தேடி, முதலில் வரும் வெப்சைட்டில் பேக்கேஜ் இறக்குவது விண்டோஸ் பழக்கம். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

4. தெரியாத கட்டளையை ஒட்டாதீர்கள்: ‘இதை காப்பி செய்து டெர்மினலில் பேஸ்ட் செய்யவும்’ என்று யூடியூப் வீடியோவோ வெப்சைட்டோ சொன்னால் நிறுத்தி யோசியுங்கள். இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வெப்சைட் போலவே ஒரு போலிப் பக்கம் இருந்ததை 2025 மே மாதம் ஹன்ட் டாட் ஐஓ நிறுவனம் கண்டுபிடித்தது. லினக்ஸில் போய்ப் பார்ப்பவர்களிடம் ‘நான் ரோபோ இல்லை’ என்ற பட்டனைக் காட்டி, அழுத்தியதும் ஒரு கட்டளையைத் தானாக காப்பி செய்து, அதை ஒட்டி இயக்கச் சொன்னது அந்தப் பக்கம். அப்போது அது ஒரு படத்தை மட்டுமே இறக்கியது. வெள்ளோட்டம் பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்! மனிதர்தானா என்று சோதிக்கும் எந்த உண்மையான வெப்சைட்டும் டெர்மினலைத் திறக்கச் சொல்லாது.

5. ஃபைலின் கடைசி ஒட்டைப் பாருங்கள்: மெயில், வாட்ஸ்அப், டெலிகிராமில் வந்த ஜிப் ஃபைலைப் பிரித்தால், உடனே டபுள் கிளிக் செய்யாதீர்கள். ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்டீஸ்’ பாருங்கள். பிடிஎஃப் என்று நினைத்தது ‘டாட் டெஸ்க்டாப்’, ‘டாட் எஸ்எச்’ என்று முடிந்தால் அழித்துவிடுங்கள். ‘இதை இயக்க அனுமதிக்கவா?’ என்று சிஸ்டம் கேட்டால், ஒரு ஆவணத்தைப் படிக்க எதற்கு அனுமதி என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

6. பாஸ்வேர்டு கேட்டதும் கொடுக்காதீர்கள்: நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாதபோது திடீரென ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டால், கேன்சல். தினசரி வேலைக்கு ரூட் கணக்கில் நுழையவே கூடாது.

7. பிரவுசரைச் சுத்தமாக வையுங்கள்: பிரவுசருக்குள் வரும் ஆபத்துக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதமே இல்லை. தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். பேங்க் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்காதீர்கள். மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

8. ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள்: லினக்ஸ் மின்ட்டில் ஃபயர்வால் கூடவே வருகிறது, ஆனால் ஆஃபில் இருக்கும். செட்டிங்ஸில் ஒரு பட்டனை நகர்த்தினால் போதும். ஆனால் ஒன்று: இது வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும். நீங்களே திறந்துவிட்ட புரோகிராம் உள்ளிருந்து வெளியே பேசுவதை வழக்கமான அமைப்பில் தடுக்காது.

ஆன்டி வைரஸ் போடணுமா?

‘கிளாம் ஏவி’ என்ற இலவச ஸ்கேனர் எல்லா முக்கிய லினக்ஸ் களஞ்சியங்களிலும் கிடைக்கும். கடைக்குப் போய் வரும் பென் டிரைவ், மெயிலில் வந்த ஃபைல்களைச் சோதிக்க இது உதவும். டிசைனை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நாலு இடத்துக்குப் போகிறவர்கள் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் லினக்ஸை ஒன்றும் செய்யாத விண்டோஸ் வைரஸைக்கூட, அடுத்தவர் கம்ப்யூட்டருக்கு நீங்கள் சுமந்துபோகாமல் தடுக்கும்.

ஆனால் அதற்குத் தெரிந்த வைரஸை மட்டுமே அது நன்றாகப் பிடிக்கும். நேற்று எழுதப்பட்ட உளவு மென்பொருளைத் தவறவிடலாம். எனவே அதை நம்பி மேலே சொன்ன 8-ஐயும் கைவிட்டுவிடக் கூடாது. ‘ஆர்கே ஹன்டர்’, ‘சிஎச்கே ரூட்கிட்’ போன்ற கருவிகள் சிஸ்டத்தின் அடியில் ஒளிந்திருப்பதைத் தேடுபவை. ஒன்றும் இல்லாதபோதும் சில நேரம் எச்சரிக்கை காட்டும். பார்த்துப் பயந்து எதையாவது அழித்துவிடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சும்மா இருக்கும்போதே ஃபேன் அலறுகிறதா? சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, எந்த புரோகிராம் அதிகமாக உழைக்கிறது என்று பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரை வைத்து யாரோ கிரிப்டோ காசு எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் எச்சும் அழுத்துங்கள். ஒளிந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அதில் ‘டாட் கான்ஃபிக்’ என்பதற்குள் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று ஒன்று இருக்கலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக எழுபவை பலவும் அங்கே இருக்கும். நீங்கள் வைக்காத, பெயர் தெரியாத ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்துகொள்ள வேறு இடங்களும் உண்டு என்பதால், அங்கே ஒன்றும் இல்லை என்பதற்காக முழு நிம்மதி அடையவும் வேண்டாம்.

சந்தேகம் உறுதியானால், இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட அதே லேப்டாப்பில் மாற்றினால் புது பாஸ்வேர்டும் அவர்களுக்குத்தான் போகும்! ‘எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைத் தவறாமல் அழுத்துங்கள். போட்டோ, ஆவணங்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, லினக்ஸை முழுவதுமாகப் புதிதாகப் போடுங்கள். தேடித்தேடி ஒவ்வொன்றாக நீக்குவதைவிட அதுவே நிச்சயமானது.

பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஆக மொத்தம்...

உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம் அதுவே. அப்படிப்பட்ட ஒன்று, பழைய அரசு லேப்டாப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் கொடுக்கிறது என்றால், பெரணமல்லூர் போன்ற ஊர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. லினக்ஸைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ஆனால் லேப்டாப்பைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதில் எந்தப் பதிப்பு இருக்கிறது, எப்போது அப்டேட் செய்ய வேண்டும், எந்த மெயிலைத் திறக்கக் கூடாது என்று ஒரு பக்கத்துக்குத் தமிழில் அச்சடித்து லேப்டாப் பையிலேயே வைத்துக் கொடுத்தால், அரசுக்குப் பெரிய செலவா ஆகிவிடும்? பள்ளி, கல்லூரிகளில் ஒரு பீரியட் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தால் அது வீடுவரை போகும். தம்பி கற்றுக்கொண்டால், அப்பாவின் கூலிக் கணக்கும் அம்மாவின் குழுக் கணக்கும் பத்திரமாக இருக்கும்.

அதுவரை நீங்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இந்தச் செய்தியைப் படித்து முடித்ததும் உங்கள் லினக்ஸ் லேப்டாப்பை ஆன் செய்து, கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள் என்று பாருங்கள். ‘ஞாபகமே இல்லையே’ என்றால், இன்று ராத்திரியே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.